கோப்பரகேசரி மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ. சப்த தீவுகளையும் ஒரே தாளின்கீழ்க் கொண்டுவந்து, எண்ணையும் எழுத்தையும் ஒரே கலத்தில் ஏற்றி, ஒருவரை இருவராக்கியும் இருவரை இல்லாமலாக்கியும் செங்கோல் செலுத்தும் பயனாளிகள் பட்டியல் மாமன்னருக்கு யாண்டு எத்தனையாவது என்று எவராலும் சொல்ல முடியாத இந்நாளில், அவர்தம் தாள் பணிந்து இதனை வரைகிறேன்.

கல்வெட்டின் தலையில் மெய்க்கீர்த்தி பொறிக்கும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தவன் முதலாம் இராசராசன். அவன் வென்ற நாடுகளில் ஈழமும் ஒன்று. சோழரில் ஒருவர்விட்டு ஒருவர் கோப்பரகேசரி என்று பட்டம் சூடிக்கொண்டார்கள். எங்கள் மன்னருக்கோ அது பட்டமன்று, பிறவிப்பெயர். அவர் ஒரு கோப்பு. யாழ்ப்பாணத்துத் தீவகத்து மக்களுக்கு உதவி வழங்கும் அலுவலகம் ஒன்றின் கணினியில், எக்செல் என்னும் சிங்காதனத்தில் கொலுவீற்றிருக்கிறார். எந்த அலுவலகம் என்று சொல்லி, அதே தரத்து மன்னர்களை வைத்திருக்கும் மற்ற அலுவலகங்களின் மனத்தைப் புண்படுத்த மாட்டேன். அவருடைய முழுத் திருநாமம் 'பயனாளிகள் பட்டியல் இறுதி புதியது திருத்தியது 3 இதுதான் இறுதி' என்பதாகும். சோழருக்குக்கூட இத்தனை நீண்ட பெயர் வாய்த்ததில்லை.

மன்னரின் குலம் பெருங்குலம். அமெரிக்காவில் டான் பிரிக்ளின் என்னும் மாணவர், விரிவுரையாளர் கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றியதும் அதைத் தொட்ட எல்லா எண்ணையும் அழித்து அழித்துத் திரும்ப எழுதியதைக் கண்டு மனம் வருந்தினார். ஓர் எண் மாறினால் மற்றவை தாமே மாற வேண்டும் என்ற அந்த ஆசையில், 1979-இல் பாப் பிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் ஆக்கிய விரிதாள் மென்பொருளே விசிகால்க். 1983-இல் லோட்டஸ் 1-2-3 பட்டமேறியது. 1985-இல் எக்செல் பிறந்தது. முன்னோர் இப்படிக் கணக்கே உயிராய் வாழ்ந்து தேய்ந்தார்கள். எங்கள் மன்னர் அந்தக் கூலிவேலையைத் தொடுவதில்லை. அவர் மேனியில் சூத்திரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. மேசையில் கிடக்கும் கல்குலேட்டரில் உத்தியோகத்தர் கூட்டிப் பார்த்து, வந்த விடையைக் கையால் தட்டி அவர் திருவடியில் காணிக்கை வைப்பார். பிறகு நடுவில் ஒரு தொகை மாறினாலும் அடியில் உள்ள கூட்டுத்தொகை அசையாது. சம நிலை குலையாத மனம் என்று ஞானிகள் சொல்வதை நான் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன்.

எங்கள் பாடநூல்களில் விரிதாளின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கலம் என்று பெயர். தீவாருக்குக் கலம் என்றால் தோணி. ஒரு தோணியில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்குக் கடலில் கணக்குண்டு. மன்னரின் கலத்தில் கணக்கில்லை. ஒரே கலத்தில் தகப்பன் பெயர், மூன்று தொலைபேசி எண்கள், 'மகன் பாரிஸில்', 'சீதனக்காணி 2 பரப்பு', 'கேட்டுப் பார்க்கவும்' ஆகிய அனைத்தும் இடித்துப்பிடித்து ஏறியிருக்கின்றன. ஒரு கலத்துக்கு ஒரு செய்தி என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இந்தக் கொள்ளளவைக் கண்டால் வாயடைத்துப்போவார்கள். இரண்டு பரப்புக்குமேல் சீதனக்காணி உள்ளவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் மன்னர் பதில் சொல்வதில்லை. தன் 1,900 நிரைகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் வாசிக்கும் பெரும்பேற்றைக் கேட்டவருக்கே அருள்கிறார்.

நிறங்களைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். உதவி கிடைத்தவர் பச்சை. விசாரிக்க வேண்டியவர் மஞ்சள். காலமானவர் சாம்பல். இளஞ்சிவப்புக்கு ஒரு பொருள் இருந்தது. அதை அறிந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். இன்று எழுபது குடும்பங்கள் இளஞ்சிவப்பில் இருக்கின்றன, ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது. 'நிலை' என்று ஒரு நிரல் போட்டு அதில் 'கிடைத்தது', 'விசாரணை' என்று எழுதிவைத்தால் போதுமே, நிறத்தை எண்ணவோ தேடவோ சாதாரண சூத்திரத்தால் முடியாதே என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குக் கலையுணர்ச்சி இல்லை.

மன்னரின் வீரம் பூச்சியங்களை ஒழித்த போரில் விளங்கும். யாழ்ப்பாணத்துத் தொலைபேசி எண் 021 என்று தொடங்கும். கைபேசி 07 என்று தொடங்கும். மன்னர் அதை எண் என்று கருதி முன்னால் நிற்கும் பூச்சியத்தைத் தலைசீவி விடுவார். தட்டெழுதுவதற்கு முன் அந்த நிரலை 'உரை' என்று அமைத்துவிட்டால் பூச்சியம் பிழைத்துவிடும். அந்தக் கருணைமனு அவர் சமூகத்தை எட்டியதில்லை. வீட்டிலக்கம் 12/3 என்று எழுதிக்கொடுத்த ஏழைக்கு அவர் ஒரு திகதியையே பரிசளித்தார்: ஒரு கணினியில் டிசம்பர் 3, இன்னொன்றில் மார்ச் 12. 2016 முதல் எங்களுக்கு வழங்கப்படும் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். பிறந்த ஆண்டு நான்கு இலக்கம், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது மூன்று இலக்கம், பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஒரு மனிதப்பிறவியின் சாதகமே அந்த எண்ணில் அடக்கம். மன்னர் அதை 1.95 என்று சுருக்கி, பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தையும் 11-ஐயும் வைத்து, அறிவியல் நூலில் வரும் விண்மீன் தூரம்போல் காட்டுவார். அந்தக் கோலத்திலேயே வேறு வகைக் கோப்பாகச் சேமித்து மேலிடத்துக்கு அனுப்பினால், சுருங்கிய இலக்கங்கள் திரும்பி வருவதே இல்லை. 1950-களின் முற்பாதியில் பிறந்த எங்கள் ஆச்சிமார் அனைவரும் இவ்வாறு ஒரே எண்ணாய், ஒரே குலமாய் ஒன்றுபட்டார்கள். எந்தச் சீர்திருத்தவாதியாலும் ஆகாத காரியம் அது.

அவருடைய புவியியல் புலமையோ கடலிலும் பெரிது. ஒரு நிரையில் நெடுந்தீவு. அடுத்ததில் ஒல்லாந்தர் இட்ட டெல்ஃப்ட். பின்னொன்றில் அதே சொல் ஆங்கிலத்தில், ஓர் எழுத்துக் குறைவாக. ஊர்காவற்றுறை, ஊர்காவற்துறை, ஊர்காவல்துறை, கயிற்ஸ், தீவகம் வடக்கு. நயினாதீவு ஒரு பக்கம், நாகதீப இன்னொரு பக்கம். சில நிரைகள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நாகபூசணி அம்மன் கோயிலடி என்ற முகவரி ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாய்த் தெரியும். தமிழறிந்த எவரும் அதை வாசிக்க முடியாது என்பதால் அங்கு வாழும் மக்களின் அந்தரங்கம் காக்கப்படுகிறது. 'நெடுந்தீவில் எத்தனை குடும்பம்?' என்று கேட்டால், நெடுந்தீவு என்று சரியாக எழுதப்பட்ட குடும்பங்களை மட்டும் எண்ணிச் சொல்வார். மற்றவர்கள் டெல்ஃப்டில் சுகமாக இருக்கிறார்கள். டெல்ஃப்டுக்கு இந்த முறை ஒதுக்கீடு இல்லை.

ஒருநாள் பின்னேரம் நிகழ்ந்த திருவிளையாடலை நான் நேரில் கண்டேன். பட்டியலை அகரவரிசைப்படுத்துமாறு மேலதிகாரி பணித்தார். உத்தியோகத்தர் பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து அடுக்கினார். 'பக்கத்து நிரல்களையும் சேர்க்கவா?' என்று எக்செல் ஒரு வரி கேட்டது. அவர் வேண்டாம் என்றார். கண்ணிமைக்கும் பொழுதில் 1,900 பெயர்களும் எழுந்து நடந்தன. முகவரிகளும் தொகைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. புங்குடுதீவார் எழுவைதீவில் குடியேறினார்கள். வேலணை விதவைக்கு அனலைதீவில் கணவன் வாய்த்தான். 1990-களின் தொடக்கத்தில் தீவகத்தைவிட்டு நாங்கள் சட்டி பானையோடு வெளியேறியபோது நாட்கள் எடுத்தன, படகுகள் போதவில்லை. மன்னர் அதே இடப்பெயர்வை ஒரு சொடுக்கில், ஒரு துளி எரிபொருள் செலவில்லாமல் நடத்திக்காட்டினார். பிறகு கோப்பு சேமிக்கப்பட்டது.

அவருக்கு அவதாரங்களும் உண்டு. ஒருவர் கணினியில் ஒன்று, இன்னொருவர் பென்டிரைவில் ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்தது ஒன்று, மேலிடத்துக்குப் போனது ஒன்று. நான்கிலும் நான்கு கூட்டுத்தொகை. திருமால்கூட அவதாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகவே எடுத்தார்.

இத்தனை மகிமைக்கும் எதிராக உலகில் ஒரு கலகக்காரர் தோன்றினார். எட்கார் கோட் என்பது பெயர். இங்கிலாந்தின் தென்கரையில் போட்லண்ட் தீவில் பிறந்தவர். தீவான்தான், ஆனால் எங்கள் மன்னருக்கு வாய்த்த தீவான்களைப்போல் அடக்கம் இல்லாதவர். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்துகொண்டு 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்று வங்கியிலிருந்து வைத்தியசாலை வரை உலகத்தின் கணக்கெல்லாம் நிற்கும் தொடர்புசார் தரவுத்தளம் அதிலிருந்து எழுந்தது. 1981-இல் அவருக்கு டூரிங் விருதும் கொடுத்துக் கெடுத்தார்கள்.

அவர் சொன்னது எவ்வளவு சிறுமையானது என்று பாருங்கள். ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டுமாம். ஊர்களுக்கு ஓர் அட்டவணை: ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிரை, ஓர் எண், ஒரே ஒரு எழுத்துக்கூட்டல். குடும்பங்களுக்கு ஓர் அட்டவணை. ஆட்களுக்கு ஓர் அட்டவணை. வழங்கிய உதவிகளுக்கு இன்னொன்று. ஒவ்வொரு நிரைக்கும் ஒரு முதன்மைச் சாவி. அது இரண்டு நிரைக்கு ஒன்றாக வரக்கூடாது, வெறுமையாகவும் இருக்கக்கூடாது. ஆளின் நிரையில் ஊரின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாமல் ஊரின் எண்ணை மட்டும் வைப்பார்கள். அதற்கு அந்நியச் சாவி என்று பெயர். இல்லாத ஊரின் எண்ணைத் தட்டினால் தரவுத்தளம் ஏற்க மறுத்துவிடும். எத்தகைய மரியாதையில்லாத ஏவலாள்! எங்கள் மன்னர் இதுவரை எதையும் மறுத்ததில்லை. பிறந்த திகதிக்கான நிரலில் ஒருவர் 'தெரியாது' என்றும் இன்னொருவர் 'சூறாவளி வந்த வருசம்' என்றும் எழுதியதை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டவர்.

ஒரு குடும்பத்துக்கு ஓர் உதவியோ பத்து உதவியோ கிடைத்தால், கோட்டின் வழியில் உதவி அட்டவணையில் நிரைகள்தான் கூடும். எங்கள் மன்னரோ வலப்பக்கமாக வளர்கிறார்: உதவி 1, உதவி 2, உதவி 3 என்று உதவி 14 வரை. அச்சடித்தால் பதினோரு தாள்கள் ஒட்ட வேண்டும். விரித்தால் மேசையைத் தாண்டிக் கதவுவரை போகும் திருமேனி. ஒரு குடும்பம் வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு வீடு மாறினால் ஏழு இடங்களில் திருத்த வேண்டும். நான்கில் திருத்துவார்கள், ஆகவே அக்குடும்பம் ஒரே நேரத்தில் இரண்டு தீவுகளில் வாழும் சித்தி பெறும். எழுவைதீவின் கடைசிப் பயனாளியின் நிரையை நீக்கினால் எழுவைதீவே மன்னரின் உலகத்திலிருந்து மறைந்துவிடும். ஊர்களுக்குத் தனி அட்டவணை இருந்தால் ஆள் போனாலும் ஊர் மிஞ்சும். ஊர் மிஞ்சுவதில் மன்னருக்கு அக்கறையில்லை, அவர் பற்றற்றவர்.

ஒல்லாந்தரும் இந்த இழிந்த வழியில் போனவர்களே. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1795 வரை ஆண்ட அவர்கள், இந்நாட்டுக் கரையோரங்களில் இறகுப் பேனாவால் தோம்பு என்னும் பதிவேடு எழுதினார்கள். ஆளையும் குடும்பத்தையும் தலைத்தோம்பில் எழுதினார்கள்; காணியை நிலத்தோம்பில் எழுதினார்கள். ஆள் வேறு, காணி வேறு, இரண்டையும் பிரித்துவைத்துப் பிறகு பொருத்திப்பார்க்க வேண்டும் என்று, மின்சாரமே இல்லாத காலத்தில் அந்த எழுத்தர்களுக்குத் தோன்றியிருக்கிறது. 1707-இல் அவர்கள் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. அந்தப் பிரிவு ஒல்லாந்தர் கற்பித்ததன்று, எங்கள் பாட்டன்மார் வாய்வழக்கிலேயே வைத்திருந்தது. எது யாரிடமிருந்து வந்தது, யாருக்குச் சேரும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த அந்த மக்களின் வாரிசுகளை, எல்லாவற்றையும் ஒரே கலத்தில் போடும் நிலைக்கு உயர்த்தியவர் எங்கள் மன்னர்.

அவர் தனித்து ஆள்பவர் என்றும் எண்ணவேண்டாம். உலகெங்கும் உறவினர் உண்டு. 2020-இல் இங்கிலாந்தில் கொரோனாத் தொற்றாளர் பட்டியலைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 நிரைகளுக்குமேல் கொள்ளாது. 15,841 தொற்றாளர் சத்தமில்லாமல் வெளியே நின்றார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாட்கணக்கில் பிந்தியது. 2010-இல் ரைன்ஹார்ட், ரோகோஃப் என்ற இரு பொருளியல் பேராசிரியர் நாடுகளின் கடனைப்பற்றி எழுதிய ஆய்வில், சராசரி காணும் சூத்திரம் ஐந்து நாடுகளை எட்டாமல் நின்றது. மூன்று ஆண்டு கழித்து ஒரு மாணவர் கண்டுபிடிக்கும்வரை அந்த ஆய்வைக் காட்டி அரசியல்வாதிகள் செலவு வெட்டை நியாயப்படுத்தினார்கள். மரபணு அறிஞர்கள் எக்செலோடு போராடித் தோற்றுப்போனார்கள்: மார்ச்1 என்ற மரபணு மார்ச் முதலாந் திகதியாகிக்கொண்டே இருந்ததால், 2020-இல் மரபணுவின் பெயரையே மாற்றினார்கள். மன்னருக்காக இயற்கையே பெயர் மாற்றிக்கொண்டது என்றால், நயினாதீவு எம்மாத்திரம்?

அரண்மனைக்குள்ளும் ஒருமுறை கலகம் எழுந்தது. பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை. சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் படித்தவள். விரிதாளும் தரவுத்தளமும் அந்தப் பாடத்திலேயே வருகின்றன. இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தன் மடிக்கணினியில் அக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளைத் திறந்து நான்கு அட்டவணைகள் போட்டாள். அடையாள அட்டை எண்ணையே சாவியாக வைக்கலாமே என்று நான் கேட்டேன். "இல்லை ஐயா, பழைய அட்டையிலை ஒன்பது இலக்கமும் வீயும், புதிசிலை பன்னிரண்டு. ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர் வருது. நாங்களே ஒரு தொடர் எண் குடுத்திட்டு, ரெண்டு நம்பரையும் பக்கத்திலை வைப்பம்" என்றாள். பழையதைப் புதியதாக்க ஆண்டுக்கு முன்னால் 19-உம் நடுவில் ஒரு பூச்சியமும் சேர்த்தால் போதும் என்பதையும் காட்டினாள். அப்படி ஒத்துப் பார்த்ததில், இருவராக இருந்த பலர் ஒருவரானார்கள்.

மந்திரிப் பிரதானிகள் திகைத்துப்போனார்கள். "பிள்ளை, இது மேலிடம் கேக்கிற போமற் இல்லை" என்றார் ஒருவர். அக்சஸிலிருந்து அந்த வடிவத்தை ஒரு நொடியில் எடுத்துத் தரலாம் என்று அவள் சொன்னாள். அவளைப் போட்டோப்பிரதி எடுக்க அனுப்பினார்கள். பயிற்சிக்காலம் முடிந்து போகும்போது அந்த நான்கு அட்டவணைகளையும் ஒரு பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போனாள். அது இப்போதும் மேசை இழுப்பறையில், முத்திரைமை டப்பாவுக்குப் பக்கத்தில், மன்னரின் அமைதிக்கு எந்த இடைஞ்சலும் செய்யாமல் கிடக்கிறது.

மன்னரின் நீதி பரிபாலனத்துக்கு ஒரு சாட்சி சொல்லி முடிக்கிறேன். சென்ற ஆண்டு நெடுந்தீவிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். குறிகட்டுவான்வரை ஒரு மணிநேரம் படகு. காற்று எழும்பியிருந்ததால் சேலை தோள்வரை நனைந்திருந்தது. அங்கிருந்து பஸ். தண்ணீர்த்தாங்கிக்கு விண்ணப்பித்திருந்தார்.

"ஆச்சி, உங்களுக்குத் தாங்கி குடுத்தாச்சு. பச்சையிலை கிடக்கு."

"எனக்கு வரேல்லைத் தம்பி."

உத்தியோகத்தர் புதிய அட்டை எண்ணைப் போட்டுத் தேடினார். இன்னொரு நிரை வந்தது. அதில் ஆச்சி சாம்பல் நிறம்.

"இதிலை நீங்கள் காலமாயிட்டியள் எண்டு இருக்கு."

ஆச்சி அடையாள அட்டையைத் திரும்பச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டார். பட்டியலில் இருந்த இரண்டு ஆச்சிமாரில் ஒருவருக்குத் தாங்கி கிடைத்துவிட்டது, மற்றவர் உயிரோடு இல்லை. மேசைக்கு முன்னால் நின்ற மூன்றாமவருக்கு நிரை இல்லை. விதானையாரிடம் உயிரோடு இருப்பதாகக் கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். விதானையார் நெடுந்தீவில் இருக்கிறார்.

ஆச்சி பின்னேரப் படகில் திரும்பினார். அவர் வளவுக் கிணற்றுத் தண்ணீர் உவர்.